பலகைக்கல் வெட்ட எந்தக் கருவி? கவுண்டரில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் கவுண்டருக்குப் பின்னால் 14 ஆண்டுகளாக நிற்கிறேன். ஜனவரி பிறந்து மழை ஓய்ந்ததும் எல்லாருக்கும் வாசல் நினைவுக்கு வரும். சேற்றில் வழுக்கி விழுந்த கதைகளும் அப்போதுதான் வெளியே வரும். இஸ்தோப்புக்கு முன்னால் கல் பதிக்க வேண்டும், தண்ணீர்ப் பீலிக்கு இறங்கும் பாதையில் படி கட்ட வேண்டும் என்று வருவார்கள். கல் கைவசம் இருக்கும். ஓரத்தில் பொருந்தாத நாலைந்து கல்லை வெட்டுவதில்தான் சிக்கல். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, கல் வெட்ட நல்ல மெஷின் ஒன்று தாருங்கள்.

இது கேள்வியே இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று: என்ன கல், எவ்வளவு தடிப்பு, எத்தனை வெட்டு? இவற்றுக்கு விடை கிடைத்தால் மெஷின் தானாகவே முடிவாகிவிடும். மெஷினுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிளேட்டில் மிச்சம் பிடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கல்லைத் தொடுவது பிளேட்தான். சுமாரான மெஷினில் சரியான பிளேட் வேலை செய்யும். விலை உயர்ந்த மெஷினில் தவறான பிளேட் புகைதான் விடும்.

இன்னொன்றும் கேட்பேன்: வெட்டித்தான் ஆக வேண்டுமா? முதலில் எல்லாக் கல்லையும் சாந்து இல்லாமல் தரையில் பரப்பிப் பாருங்கள். இடைவெளியை அரை அங்குலம் கூட்டிக் குறைத்தாலே பாதி வெட்டு தேவைப்படாமல் போகலாம். ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் சல்லி போட்டுவிடலாம். இதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. முதலாளிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

எங்களிடம் இருப்பது என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் இரும்பு ஆணியும் பாதித் தேசிக்காயும் போதும். ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கல்லில் பள்ளமாகக் கோடு விழுந்தால் மென்மையான கல். ஆணியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் ஒட்டிக்கொள்கிறது என்றால் கடினமான கல். கீறல் விழுந்த இடத்துத் தூளின் மேல் தேசிக்காய்ச் சாறு விட்டு, நுரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுண்ணாம்பு வகை, அதாவது சலவைக்கல் இனம். திகன, மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல்லில் பெரும்பகுதி டொலமைட் என்பதால் நுரை மெதுவாகத்தான் வரும். அவசரப்படக் கூடாது.

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்தில் நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்வது ஒரே கல் அல்ல. மலைநாட்டின் அடியில் இருப்பவை பெரும்பாலும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள்: சார்னோகைட், நைஸ், ஆங்காங்கே குவார்ட்சைட். மூன்றுமே ஆணிக்கு மசியாதவை. நைஸில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும். அந்த வரி பின்னால் உளி வேலையில் பயன்படும்.

கடையில் வாங்கிய சீமெந்துப் பலகையும் இன்டர்லொக் கல்லும் வேறு சாதி. அவை கருங்கல்லைப் போலக் கடினமானவை அல்ல, ஆனால் உப்புத்தாள் போலப் பிளேட்டைத் தேய்ப்பவை. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பிளேட் வாங்கும்போது தேவைப்படும்.

வீட்டில் 4 அங்குல கிரைண்டர் இருக்கிறது. அது போதாதா?

ஒரு அங்குலத் தடிப்புக்குப் போதும். 4 அங்குல வட்டு என்றால் 4 அங்குலம் இறங்கும் என்று நினைக்கிறார்கள். நடுவில் இருக்கும் பிடியும் மெஷினின் தலையும் இடத்தை எடுத்துக்கொள்வதால் ஒரு பக்கத்தில் இருந்து 25 முதல் 30 மில்லிமீற்றர் வரைதான் இறங்கும். 7 அங்குலத்தில் சுமார் 50, 9 அங்குலத்தில் சுமார் 65 மில்லிமீற்றர். இன்டர்லொக் கல் 60 அல்லது 80 மில்லிமீற்றர் தடிப்பில் வருகிறது.

2 அங்குலக் கல்லைச் சின்ன கிரைண்டரால் வெட்டவே முடியாது என்பதில்லை. நாலு பக்கமும் மூலை மட்டம் வைத்துக் கோடு இழுத்து, மேலே பாதி, திருப்பிப் போட்டு அடியில் பாதி என்று வெட்டலாம். இரண்டு வெட்டும் சரியாகச் சந்திக்காமல் நடுவில் சிறு படி நிற்கும். மண்ணுக்குள் புதையும் ஓரம் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்பிள் கட்டருக்கும் கிரைண்டருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே அளவு வட்டுத்தானே?

மார்பிள் கட்டருக்கு அடியில் தட்டையான தகடு இருக்கும். அதைக் கல்லின் மேல் வைத்து நகர்த்தினால் பிளேட் சாயாமல் நேராக ஓடும். ஆழத்தையும் முன்கூட்டியே திருகி வைத்துக்கொள்ளலாம். கிரைண்டரில் எல்லாம் உங்கள் கைதான். நேர்கோட்டு வெட்டு 20, 30 இருந்தால் மார்பிள் கட்டர் வாங்குங்கள். ஓரம் சீவ, மூலை கழிக்க, வளைவு எடுக்க என்றால் கிரைண்டர். மார்பிள் கட்டர்கள் சிலவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் இணைக்கும் வசதியும் உண்டு. தண்ணீர் தூசியை அடக்கும்; அதன் அருமை தூசி பற்றிய கேள்வியில் தெரியும்.

இரும்பு வெட்டும் டிஸ்க் நிறையக் கிடக்கிறது. அதையே போட்டு வெட்டினால் என்ன?

டிஸ்க் தேயும், கல் சிரிக்கும். இரும்புக்கான டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஒக்சைட். கல்லுக்கென்று சிலிக்கன் கார்பைட் டிஸ்க் தனியாக இருக்கிறது, விலையும் குறைவு. சீமெந்துப் பலகையில் இரண்டு மூன்று வெட்டு என்றால் அதுவே போதும். கருங்கல்லில் ஒரு வெட்டுக்குள் பாதியாகத் தேய்ந்துவிடும். தேயத் தேய ஆழமும் குறையும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டு வகையும் பிசினால் ஒட்டியவை. நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், பெரும்பாலும் தயாரித்ததில் இருந்து 3 ஆண்டு. மூடுபனி உள்ளே வரும் வீட்டில், ஈரச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்த டிஸ்க் அதற்கு முன்பே பலம் இழக்கலாம். சுழலும்போது உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். டயமண்ட் பிளேட்டுக்கு இந்தக் காலாவதிக் கணக்கு இல்லை.

டயமண்ட் பிளேட்டில் மூன்று விதம் காட்டுகிறீர்கள். எது வேண்டும் என்று நானா சொல்வது?

ஓரத்தைப் பாருங்கள். இடையிடையே வெட்டு விட்டுப் பல் பல்லாக இருப்பது வேகமாக வெட்டும், சூட்டை வெளியே விடும், ஆனால் கல்லின் ஓரத்தைக் கொஞ்சம் உதிர்க்கும். முற்றத்துக் கல்லுக்கு இதுவே சரி. இடைவெளி இல்லாமல் வழவழப்பான வட்டமாக இருப்பது பளிங்கு, டைல் போன்றவற்றுக்கு. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். அலையலையான ஓரம் கொண்ட டர்போ இரண்டுக்கும் நடு. எல்லாக் கல்லும் கலந்து வைத்திருப்பவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது டர்போதான்.

ஓரத்தைவிட முக்கியம் உறையில் எழுதியிருக்கும் கல்லின் பெயர். வைரத் துகள்களை ஓர் உலோகக் கலவை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த உலோகம் தேய்ந்தால்தான் மழுங்கிய துகள் விழுந்து அடியில் இருக்கும் புதுத் துகள் வெளியே வரும். கருங்கல் உலோகத்தை அதிகம் தேய்க்காது, அதனால் மென்மையான கலவை வேண்டும். சீமெந்துப் பலகையும் மணற்கல்லும் அரம் போல உராய்பவை, அவற்றுக்குக் கடினமான கலவை வேண்டும். கடினக் கல்லுக்கு மென்மை, உராயும் கல்லுக்குக் கடினம் என்று தலைகீழாக இருப்பதால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். கருங்கல்லுக்கு 'கிரனைட்' என்று போட்டதையும், சீமெந்துப் பலகைக்கு 'கொங்கிறீட்' என்று போட்டதையும் கேட்டு வாங்குங்கள்.

நடுத்துளையையும் பாருங்கள். 115, 125 மில்லிமீற்றர் கிரைண்டர்களுக்கு 22.23 மில்லிமீற்றர் துளை. 4 அங்குல மெஷின்களில் 16, 20 என்று மாறும். பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

விலை கொடுத்து வாங்கிய பிளேட் பாதி வேலையில் வெட்டுவதை நிறுத்திவிட்டது. ஏமாற்றிவிட்டீர்களே!

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, மேலே சொன்ன கலவைப் பிரச்சினைதான். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகு. கண்ணாடி போல வழுக்கினால் வைரம் மழுங்கி, உலோகம் மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு சீமெந்துப் புளொக் கல்லில் ஆழமில்லாமல் ஏழெட்டுக் கோடு வெட்டுங்கள். உலோகம் தேய்ந்து புது வைரம் எட்டிப் பார்க்கும். இந்த வைத்தியத்தைச் சொல்லி அனுப்பியவர்கள் பெரும்பாலும் திரும்பிச் சண்டைக்கு வருவதில்லை.

பிளேட்டில் இருக்கும் அம்புக்குறி மெஷின் சுற்றும் திசையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு அழுத்தம். ஒரே மூச்சில் முழு ஆழமும் இறக்காமல், முதலில் 3 மில்லிமீற்றர் கோடு, அதன் மேலேயே இன்னொரு முறை, இன்னொரு முறை என்று இறங்குங்கள். மெஷினின் எடையே போதும். இடையிடையே கல்லில் இருந்து தூக்கிச் சும்மா சுழல விட்டால் ஆறிக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்கிறார்கள். கரண்ட் அடிக்காதா?

கிரைண்டர் என்றால் அடிக்கலாம். அதன் காற்றுத் துளைகள் மோட்டாருக்கு நேராகத் திறந்திருக்கின்றன. தண்ணீருக்காகச் செய்த மெஷின் இல்லை அது. ஒருவர் வெட்ட, இன்னொருவர் பக்கத்தில் நின்று போத்தலால் தண்ணீர் விடும் காட்சியை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டராக இருந்தால் ஊற்றலாம். அப்போதும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங் என்றால் தண்ணீரும் மின்சாரமும் சேரவே கூடாது. தண்ணீர் கொடுக்க முதுகில் சுமக்கும் தெளிப்பானைப் பயன்படுத்தும் யோசனை நல்லதுதான். களைநாசினி அடித்த தாங்கி மட்டும் வேண்டாம்; அந்த மருந்து நுண்துளியாகி உங்கள் மூக்குக்கே வரும்.

திறந்த வாசலில்தான் வெட்டுகிறேன். வாயில் துணி கட்டினால் போதாதா?

போதாது. கருங்கல்லில் படிகம், அதாவது சிலிக்கா, இருக்கிறது. கிரனைட் வகைகளில் 20 முதல் 45 சதவீதம், கொங்கிறீட்டில் 25 முதல் 70, மணற்கல்லில் 70 முதல் 90 சதவீதம் வரை. சலவைக்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் 2 சதவீதத்துக்குள்தான். பிளேட் இதைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயை மாற்ற மருந்து இல்லை. துணியின் நெசவு இடைவெளி அந்தத் தூளுக்கு வாசற்கதவு போல.

துணிக்குப் பதிலாக N95 முகக்கவசம் போடுங்கள், மருந்துக்கடையில் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் மிஞ்சியது வீட்டில் இருந்தால், அதன் ரப்பர் தளராமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. ஒரு நாள் வேலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நில்லுங்கள். லயத்தில் அடுத்த காம்பராவின் கதவு எங்கே இருக்கிறது, கொடியில் துணி காய்கிறதா, குழந்தை விளையாடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்கு முகக்கவசம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

கண்ணாடியும் காதடைப்பும் சொல்லாமலே தெரியும். சொல்லாவிட்டால் மறப்பது கழுத்தில் சுற்றிய மஃப்ளர். குளிர் என்று அதோடு குனிந்து வேலை செய்கிறார்கள். சுழலும் பிளேட்டுக்கு அதன் ஒரு நூல் முனை போதும்.

எங்கள் பக்கம் கரண்ட் குறைவு. 9 அங்குல மெஷின் இழுக்குமா?

கணக்குப் போடுவோம். 9 அங்குல மெஷின் 2000 வாட்டுக்கு மேல். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். வட்ட முள் கொண்ட சின்ன 5 ஆம்பியர் சொக்கெட் 1150 வாட்டோடு நின்றுவிடும். அடெப்டர் போட்டு அதில் மாட்டினால் சொக்கெட் உருகும். 800 வாட் சின்ன கிரைண்டருக்குப் பிரச்சினை இல்லை.

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் ஏறும்போது வோல்ட் இறங்கும். அப்போது மோட்டார் திணறி அதிகமாகச் சூடேறும். பகலில் வெட்டுங்கள். நீட்டிப்பு வயரைச் சுருளாக வைக்காமல் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தேங்கும்.

கரண்டே வேண்டாம். தாத்தா காலத்தில் உளியால்தானே செய்தார்கள்?

செய்தார்கள். தோட்டத்துப் பாதைகளின் ஓரத்தில் இன்றும் நிற்கும் கல் அணைகளில் ஒரு கல்லும் மெஷினைப் பார்த்ததில்லை. கொஞ்சம் கல்தான், ஓரம் கரடாக இருந்தால் பரவாயில்லை என்பவருக்கு நான் முதலில் காட்டுவது உளிதான். ஒரு கூர் உளி, 2 அல்லது 3 அங்குல அகலப் பட்டை உளி ஒன்று, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட சுத்தியல். தச்சு உளி வேண்டாம், முதல் அடியிலேயே வாய் உடைந்துவிடும்.

கல்லை மணல் நிரப்பிய உரச்சாக்கின் மேல் படுக்க வையுங்கள். வெறுந்தரையில் வைத்தால் அடியில் இருக்கும் சின்ன மேடு தன் இஷ்டத்துக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கும். நான் முதன்முதலாக உடைத்த கல் அப்படித்தான் மூன்றாகப் போனது. கோட்டின் மேல் பட்டை உளியை நிறுத்தி, மெதுவாகத் தட்டிக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை போங்கள். திருப்பி அடிப்பக்கத்திலும் அதே. நாலு பக்கமும் சுற்றி இரண்டு மூன்று சுற்று போனதும் அடியின் ஓசை மாறும்: 'டங்' என்று இருந்தது 'டொக்' என்று ஆகும். அப்போது ஓர் அழுத்தமான அடி. ஓசை மாறுமுன் அடிப்பவர்தான் கல்லைக் கெடுக்கிறார்.

நைஸில் வரி ஓடும் திசையில் கல் கேட்டபடி பிளக்கும். குறுக்கே அடம் பிடிக்கும். குறுக்கு வெட்டுத்தான் வேண்டும் என்றால் சின்ன கிரைண்டரால் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கோடு வெட்டிவிட்டு, மீதியை உளியால் தட்டுங்கள். 4 அங்குல கிரைண்டரை வைத்துக்கொண்டு தடித்த கல்லோடு போராடுபவர்களுக்கும் இதுவே நல்ல வழி. தூசியும் குறையும்.

கவர் இடைஞ்சலாக இருக்கிறது. கழற்றிவிட்டு, கொஞ்சம் பெரிய பிளேட் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். 9 அங்குல வட்டின் வரம்பு சுமார் 6,600 சுற்று. ஓரத்தின் வேகம் நொடிக்கு 80 மீற்றரைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்தக் கணக்கு. பெரிய வட்டைச் சின்ன மெஷினில் போட்டால் அது 140ஐயும் தாண்டும். கவரைக் கழற்றிக் கேட்பவர்களுக்கு நான் பிளேட் விற்பதில்லை.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

சின்ன கிரைண்டர் வாங்கலாம், வீட்டில் நூறு வேலைக்கு உதவும். 9 அங்குலமும் 12 அல்லது 14 அங்குல பெட்ரோல் கட்டரும் வாடகைக்கு. பெட்ரோல் கட்டர் 10 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இறங்கும், எடை 10 கிலோ அளவில் இருக்கும். பழக்கமில்லாதவர் அதைப் படிக்கட்டுச் சரிவில் நின்று ஓட்டக் கூடாது. கல்லைச் சமதரைக்குக் கொண்டுவாருங்கள். கொட்டகைக்குள்ளும் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

பழைய மெஷின் வாங்கினால் பிளேட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் பேரிங் போய்விட்டது. காற்றுத் துளைக்குள் பெரிதாக நெருப்புப் பறந்தால் கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது. பிரஷ் மாற்றலாம், பேரிங்குக்குச் செலவு.

படியின் மூலையில் 'ட' வடிவத்தில் வெட்ட வேண்டும். மூலை உடைந்துகொண்டே இருக்கிறது.

வட்டமான பிளேட்டால் உள்மூலையைச் சரியாக எடுக்க முடியாது. மேலே கோடு மூலையைத் தொடும்போது அடியில் இன்னும் வெட்டாமல் இருக்கும். மூலைப் புள்ளியில் முதலில் துரப்பணத்தால் ஒரு துளை போடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் அந்தத் துளை வரை வெட்டுங்கள். வெடிப்பு துளையோடு நின்றுவிடும்.

குழாய்க்காக வளைவு வேண்டும் என்றால் பிளேட்டை வளைத்துத் திருப்பாதீர்கள், சிக்கி உதைக்கும். வளைவு வரை விரல் விரலாக நேர்வெட்டுகள் போட்டு, அந்த விரல்களைச் சுத்தியலால் தட்டி எடுத்து, மீதியைச் சீவுங்கள். கோட்டைப் பென்சிலால் போடாமல் மெழுகு சோக்கால் போட்டால் தண்ணீரில் அழியாது.

வீட்டுக்குப் பின்னால் பெரிய பாறை இருக்கிறது. அதையே பிளந்து பலகையாக எடுக்கலாமா?

அந்தப் பாறை எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சரிவில் பாறையின் காலைத் தோண்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடி போய்விடும். அடுத்த பெருமழையில் அது எங்கே வரும் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்சரிவு ஆபத்துள்ள இடமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கலாம். கல்லை அகழ்ந்து விற்கவோ ஏற்றிச் செல்லவோ நினைத்தால், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி உரிமம் தேவை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் அவர்களின் அனுமதியும் வேண்டும்.

முற்றத்தில் தனியாக உருண்டு கிடக்கும் கல் வேறு. அதில் ஒரே கோட்டில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தகட்டுக்கு நடுவே ஓர் ஆப்பு வைத்து, வரிசையாக மெதுவாக அடித்துக்கொண்டு போனால் பிளந்துவிடும். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். சில வேளை நீங்கள் தேநீர் குடிக்கும்போது அது தானே வாய் திறக்கும்.

வெட்டிய பிறகு மிஞ்சும் சாம்பல் நிறத் தண்ணீரைக் கானில் விட்டுவிடலாமா?

உங்கள் கானின் தண்ணீர் கீழ் லயத்தின் பீலிக்கு மேலே ஓடுகிறதா, கீழே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எப்படியும் விட வேண்டாம். சீமெந்துச் சேறு காரமானது, மரக்கறிப் பாத்திக்கு ஆகாது. கானில் படிந்தால் இறுகி அடைத்துக்கொள்ளும். அப்படியே காயவிட்டால் துடைப்பம் பட்டதும் மேலே சொன்ன அதே தூசியாக எழும்பும். ஒரு வாளியில் இரவு முழுக்க விட்டு வையுங்கள். தெளிந்த நீரைக் கான், பீலி, பாத்தி எதிலும் சேராத வெற்று மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் இருப்பதை ஈரத்தோடு பையில் கட்டுங்கள். அல்லது படிக்கு அடியில் நிரப்பும் சல்லியோடு கலந்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் படிக்கு அடியில் அப்படி இரண்டு வாளி இருக்கிறது.